ஒரே மூச்சில் மூன்று வேலை

செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பங்குனி பிறந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கொடி ஏறத் தொடங்கும். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், இரவில் கூத்து. ஒன்பது பத்து மணிவாக்கில் மேளக்கட்டு ஆரம்பித்தால், விடிந்து வெளிச்சம் வரும்வரை ஏறக்குறைய 8 மணி நேரம், ஜமா எனப்படும் ஒரு கூத்துக் குழுவைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பேர் அந்த ஊரைத் தூங்கவிடாமல் வைத்திருப்பார்கள். வேஷம் கட்டும் கொட்டகைக்குப் பக்கத்திலும் பின்பாட்டுக்காரர்களின் பெஞ்சுக்குப் பின்னாலும் இருந்து இந்த ஆட்டங்களைப் பார்த்து வந்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. கூத்துக்காரரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆடவும் பாடவும் நடிக்கவும் வல்லவர் என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பாராட்டில் கணக்குப் பிசகு இருக்கிறது. அவர் மூன்று வித்தை கற்றவரில்லை. கட்டை என்னும் மர அணிகளைக் கட்டிய உடம்பில் மூச்சை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்ற ஒரே வித்தையைக் கற்றவர். பாட்டும் ஆட்டமும் நடிப்பும் அந்த ஒரே வரவில் இருந்து எழுதப்படும் மூன்று செலவுகள்.

கட்டையில் இருந்தே தொடங்கலாம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் எல்லாம் கலியாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. இலேசான மரம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் எடையைவிடப் பெரிய தொல்லை, கட்டும் கயிறு. சுழலும்போது கழன்று பறக்காமல் இருக்க வேண்டும் என்பதால் நெஞ்சையும் தோளையும் முதுகையும் சேர்த்து இறுக்கிக் கட்டுகிறார்கள். இடுப்பைச் சுற்றித் துணியைப் பொதிந்து, அதன்மேல் விரிந்து நிற்கும் பாவாடை வேறு. கொட்டகையில் துரியோதன வேஷக்காரர் கயிற்றின் கடைசி முடிச்சைப் போடவிடும் நேரத்தைக் கவனித்தால் விஷயம் புரிந்துவிடும். மூச்சை நன்றாக உள்ளே இழுத்து நெஞ்சை விரித்துக்கொண்டு, அந்த நிலையில்தான் "இறுக்குப்பா" என்கிறார். நெஞ்சு சுருங்கியிருக்கும்போது முடிச்சு விழுந்துவிட்டால் விடியும்வரை அரை மூச்சோடுதான் பாட வேண்டியிருக்கும். காலில் சலங்கை கட்டுவதற்கு முன்பே பாட்டுக்கு வேண்டிய இடத்தை அவர் உடம்புக்குள் ஒதுக்கிவிடுகிறார்.

அடுத்தது திரைப்பிரவேசம். இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிக்க, ராஜ வேஷம் அதற்குப் பின்னால் வந்து நிற்கிறது. மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரியும். முதலில் விருத்தம். விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை, குரலை நீட்டிப் பாடலாம், காலும் அநேகமாகச் சும்மா இருக்கும். பிறகு தரு. தாளம் வந்துவிடும், திரைக்குப் பின்னாலேயே அடவு தொடங்கிவிடும். திரை விலகியதும் களத்தைச் சுற்றி வேகமாகச் சுழன்று ஆட்டம் உச்சத்துக்கு ஏறுகிறது. அந்த மூச்சு அடங்குவதற்குள் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குறுக்கே வந்து, ஐயா யார், எந்த நாடு, என்ன காரியமாக வந்தீர் என்று கேட்கிறான். ராஜா வசனத்தில் பதில் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கையான இடம், ஆட்டக்காரருக்கு இளைப்பாறும் இடம். கட்டியக்காரன் கேள்வியை இழுத்தடித்து, நடுவில் உள்ளூர் ஆள் ஒருவரை வம்புக்கு இழுத்துச் சிரிப்பு மூட்டும்போது, ராஜாவின் விலா எலும்புகள் ஏறி இறங்குவதைக் கிட்டத்தில் இருந்தால் பார்க்கலாம். நல்ல கட்டியக்காரன் அதைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வியைப் போடுகிறான். விருத்தம், தரு, ஆட்டம், வசனம் என்ற வரிசை அழகுக்காக மட்டும் அமைந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதனின் நுரையீரல் தாங்கும் அளவுக்கு, தலைமுறை தலைமுறையாக ஆடி ஆடிச் செப்பனிட்ட வரிசை அது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். பாட்டில் பாதியைப் பின்பாட்டுக்காரர்கள்தானே பாடுகிறார்கள், பிறகென்ன ஆட்டக்காரர் பாடகர் என்கிறீர்கள் என்று. அவர் ஓர் அடி பாடுகிறார், பின்பாட்டு அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறது, அந்த இடைவெளியில் அவர் ஆடுகிறார் என்பது உண்மைதான். ஆனால் இந்த ஏற்பாடு வேலையைக் குறைப்பதில்லை, கடினமாக்குகிறது. ஆடி முடிக்கும் இடத்தில், தாளத்தின் சரியான எடுப்பில், அதே சுருதியில், மூச்சு வாங்குவது வெளியே கேட்காமல் அடுத்த அடியை எடுக்க வேண்டும். கச்சேரிப் பாடகருக்குத் தண்ணீர் குடிக்க நேரம் உண்டு. கூத்தில் கிடைக்கும் ஓய்வு சுழன்றாடிக்கொண்டே எடுக்கும் ஓய்வு. மேலும், பெஞ்சில் இருப்பவர்களில் பலர் அன்றிரவே வேறு வேஷம் கட்டி வந்தவர்கள், அல்லது கட்டப் போகிறவர்கள். முன்னால் நிற்பவருக்கு எந்த அடியில் குரல் இளைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அடியில் பின்பாட்டு அரை நொடி முந்தி எழுந்து அவரைத் தாங்கிக்கொள்கிறது.

என் வாதத்துக்கு வலுவான சான்று பெண் வேஷத்தில் இருக்கிறது. திரௌபதிக்கும் பொன்னுருவிக்கும் புஜக்கட்டை கிடையாது, நெஞ்சை இறுக்கும் கயிறும் கிடையாது. எனவே இந்த வேஷங்களில் கலவையே மாறிவிடுகிறது. சுழற்சி குறைவு, பாட்டு அதிகம். துகிலுரிதல் இரவில் திரௌபதி வேஷக்காரர் முகாரி ராகத்தை நீட்டிப் பாடிக்கொண்டே மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கர்ண மோட்சத்தில், கணவனின் பிறப்பை இகழ்ந்து பேசும் பொன்னுருவிக்கும் போருக்குப் புறப்படும் கர்ணனுக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் இரண்டு விதமான மூச்சும் எதிரெதிரே நிற்கின்றன. அவள் நீளமாக விடுகிறாள், அவன் கட்டைக்குள்ளிருந்து வெட்டி வெட்டிப் பதில் சொல்கிறான். அந்த வெட்டுத்தான் கர்ணனின் அவமானமாக நமக்குக் கேட்கிறது. இதில் எது பாட்டு, எது நடிப்பு என்று பிரிக்க முயன்றால் பிரிக்கிறவருக்குத்தான் களைப்பு. ஆண்களே ஆடிவந்த இந்தக் கலையில், புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் 2002இல் தொடங்கி 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் பயின்றார்கள், கட்டை வேஷமும் கட்டினார்கள். பெண் குரல் ராஜ வேஷத்துக்கு எடுபடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதில் சொன்னது.

மூன்றும் ஒரே உடம்பில் சேர்வது வடிவம் கேட்பதைப் பொறுத்தது என்பதைத் தொலைவில் உள்ள ஓர் உதாரணமும் காட்டுகிறது. நியூயார்க்கின் பிராட்வேயில் 1943இல் மேடையேறிய 'ஓக்லஹோமா!' இசை நாடகத்தில், கதாநாயகி காணும் கனவு ஒரு நீண்ட நடனமாக வரும். அந்த இடத்தில் பாடி நடித்தவர்கள் ஒதுங்கிக்கொள்ள, அவர்களுக்குப் பதிலாக நடனக்காரர்கள் வந்து ஆடினார்கள். 1957இல் ஜெரோம் ராபின்ஸ் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை இயக்கியபோது சண்டையே ஆட்டமாக, அதே ஆட்கள் பாடியும் ஆடியும் நடித்தும் தீர வேண்டியதாயிற்று. இடையில் மனிதர்களின் திறமை கூடிவிடவில்லை, கேட்கும் வடிவம் மாறியது. நம் சினிமா நேர் எதிர்த் திசையில் போயிற்று. நாடக மேடையில் இருந்து வந்த தியாகராஜ பாகவதரும் சின்னப்பாவும் சொந்தக் குரலில் பாடிக்கொண்டிருந்தபோதே, முப்பதுகளின் இறுதியில் பின்னணிப் பாடல் வந்து குரலையும் உடலையும் பிரித்துவிட்டது. பிரித்ததால் இரண்டுமே மெருகேறின என்பதை மறுக்க மாட்டேன். பாட்டை ஒருவரிடமும் முகத்தை இன்னொருவரிடமும் பார்த்துப் பழகிய கண்தான் இன்று கூத்துக்காரரைக் கண்டு வியந்து, அவரிடம் மூன்று திறமைகளை எண்ணுகிறது.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் சொல்லும் குறை வேறு: கூத்துப்பாட்டு கத்தல், ராகத்தில் நுணுக்கம் இல்லை. சுருதி உயர்ந்துதான் இருக்கிறது. முகவீணையின் கீச்சுக்குரலோடு சேர்ந்து, திறந்தவெளியில் தெருக்கோடிவரை கேட்கப் பாடிய காலத்துச் சுருதி அது. உயரத்தில் பிடித்த குரலில் கமகத்துக்கு இடம் குறைவு, சொல்லுக்கு இடம் அதிகம். டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் இராஜகோபாலின் குழுவோடு ஒரே மேடையில் கர்நாடக இசையையும் கட்டைக்கூத்தையும் சேர்த்து நிகழ்த்தியபோது, இரண்டும் வெவ்வேறு தேவைக்குப் பிறந்த குரல்கள் என்பது காதுக்கே தெரிந்தது. இப்போதுதான் மைக் இருக்கிறதே, இன்னும் ஏன் உயர்த்திப் பாட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. மைக் சுமையைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறது, அதற்கு வேறொரு விலையும் வாங்கியிருக்கிறது. களத்தின் நடுவில் தலைக்கு மேல் தொங்கும் மைக்குக்கு அடியில் வந்தால்தான் பாட்டு கேட்கும். அதனால் ஆட்டக்காரர் பாடும்போது அங்கே நிற்கிறார், ஆடும்போது விலகிப் போகிறார். பிரியாமல் இருந்த இரண்டையும் ஒரு கம்பி பிரித்துப் பார்க்கிறது. தேர்ந்தவர்கள் சுழற்சியின் கடைசிச் சுற்று அந்தக் கம்பிக்கு நேர் கீழே முடியும்படி அளந்து ஆடுகிறார்கள்.

ஜமாவுக்குள் தனித்திறமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இவர் ஆட்டத்துக்கு, அவர் குரலுக்கு, இன்னொருவர் வசனத்துக்கு என்று ஊர்க்காரர்கள் பேர் சொல்லித்தான் வெற்றிலை பாக்கு வைக்கிறார்கள். வாத்தியார் வேஷம் பிரிப்பதும் அதை வைத்துத்தான். ஆனால் பையன்களைப் பழக்கும்போது அவர் மூன்று பாடமாகப் பிரிப்பதில்லை. முதலில் பெஞ்சில் உட்கார்ந்து பின்பாட்டு, பிறகு சின்ன வேஷம், குரல் உடைந்து நிலைத்த பிறகு கட்டை. கூத்து வாத்தியார் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் ந. முத்துசாமியின் நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறையின் நடிகர்கள் போய்ப் பயின்றதும் இப்படிப் பிரியாமல் இயங்கும் உடம்பைத் தேடித்தான்.

இதையெல்லாம் நகரத்து விழாக்கள் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். அரை மணி கொடுத்து, பாட்டைக் குறையுங்கள், ஆட்டத்தைக் கூட்டுங்கள் என்கிறார்கள். ஜமாவும் சம்மதிக்கிறது. ஒரு இரவுக் கூலியை அரை மணியில் தருகிறவர்களிடம் யார் வாதாடுவார்கள்? விருத்தம் போய், கட்டியக்காரன் போய், எடுத்த எடுப்பிலேயே சுழற்சி. கைதட்டல் பலமாகத்தான் இருக்கிறது. மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத அந்த அரை மணியை மட்டும் பழகிக்கொள்ளும் பையன், ஊருக்குத் திரும்பி அதிகாலை நான்கு மணிக்குக் கர்ணனாக நிற்கும்போது குரல் இருக்காது. கதையைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு திரைப்பிரவேசத்தை, திரைக்குப் பின்னால் எழும் விருத்தத்தில் தொடங்கி, கட்டியக்காரனுக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை, எதையும் வெட்டாமல் வைக்கலாம். அதற்கு அரை மணி போதும்.