ஆகாயத்து அடுக்களை

28 ஆண்டுகள் ஆகாயத்தில் தேநீர் கொடுத்துப் பிழைத்தவன் நான். வளைகுடா நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் 1984இல் பணியாளனாகச் சேர்ந்து, 2012இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினேன். என்னைக் காண வருவோர் பெரும்பாலும் கேட்பது ஒன்றே: "விமானம் விழுந்துவிடுமோ என்று பயந்ததுண்டா?" பயந்த தருணங்கள் உண்டு. ஆனால் அவை இடியாலும் மின்னலாலும் வந்தவை அல்ல. உடன் பணிபுரிந்த மனிதரின் கடுஞ்சொல்லால் வந்தவை. இதைச் சொன்னால் வந்தவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே எழுதிவிடத் துணிந்தேன்.

தேநீரிலிருந்தே தொடங்குகிறேன். விமானிக்குத் தேநீர் கொடுப்பதற்கென்று ஒரு முறை உண்டு. இரு விமானிகளின் இருக்கைகளுக்கும் நடுவே ஒரு மேடை இருக்கும். இயந்திரங்களின் விசைப்பிடிகளும் வானொலிப் பொத்தான்களும் அதன்மேல்தான். அந்த மேடைக்கு மேலாகக் கோப்பையை நீட்டுவது பெருந்தவறு. இடப்பக்கம் அமர்ந்தவருக்கு இடத் தோளுக்கு அப்பால் ஜன்னலோரமாகவும், வலப்பக்கத்தவருக்கு வலத் தோளுக்கு அப்பாலும் கொடுக்க வேண்டும். கோப்பை முக்கால் அளவே நிறைந்திருத்தல் வேண்டும். பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் இதைச் சொல்லித் தந்தபோது, ஏதோ வெள்ளைக்காரச் சம்பிரதாயம் என்றே எண்ணினேன். 2019 பிப்ரவரியில் பிராங்க்பர்ட்டிலிருந்து மெக்சிகோவின் கான்கூனுக்குப் பறந்துகொண்டிருந்த ஏர்பஸ் ஏ330 விமானத்தில், காபி கொட்டி வானொலிப் பலகை சூடேறிப் புகைந்தது. அட்லாண்டிக்கின் மேலே சென்ற விமானம் வழி மாறி, அயர்லாந்தின் ஷானன் நிலையத்தில் இறங்க நேர்ந்தது. பின்னர் ஏ350 வகை விமானங்கள் இரண்டில் நடுமேடையில் பானம் சிந்தி, பறக்கும்போதே ஓர் இயந்திரம் நின்றுபோயிற்று. 2020இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, அம்மேடையைச் சுற்றித் திரவம் கொண்டுவரலாகாத எல்லை ஒன்றையே வகுத்துவிட்டது. நான் ஓய்வு பெற்று ஆண்டுகள் பல ஆன பின், ஊரில் திண்ணையில் அமர்ந்து இச்செய்தியைப் படித்தபோது, எனக்குப் பாடம் சொன்ன அந்த முதிய எகிப்தியரை நினைத்துக்கொண்டேன்.

வெளியார் அறியாத ஒன்றுண்டு. ஒரே விமானத்தில் பறக்கும் பணிக்குழுவினர் ஒரு குடும்பம்போல் நெடுநாள் பழகியவர்கள் என்று பயணிகள் நினைக்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் அப்படியன்று. புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு ஓர் அறையில் கூடுவோம். அதற்கு முன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவும் மாட்டோம். ஆங்கிலேய விமானி, பாகிஸ்தானியத் துணை விமானி, மணிலாப் பெண், கேரளத்துப் பையன், நான். அன்றிரவு முடிந்தால் ஒவ்வொருவரும் ஒரு திசை. இத்தகைய கூட்டத்தில் மரியாதை என்பது அலங்காரப் பொருளா? கல்யாண வீட்டில் வாசலில் நின்று "வாங்க" என்று சொல்ல ஆளில்லாவிட்டால், அந்த வீட்டுப் பந்தியில் உப்பு குறைந்தாலும் யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். எங்கள் தொழிலிலும் அப்படித்தான். தாமே கைநீட்டித் தம் பெயரைச் சொல்லி எங்கள் பெயரைக் கேட்ட கேப்டன்கள் இருந்தார்கள். கையிலிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி" என்று மட்டும் சொன்னவர்களும் இருந்தார்கள். இரண்டாமவரோடு பறந்த இரவுகளில் விமானியறைத் தொலைபேசியை எடுக்கவே எங்களுக்குக் கை வராது.

சில்லறைத் தொல்லைகளுக்கு அளவில்லை. உண்டு முடித்த தட்டை விமானியறைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்துவிடுவார்கள். இருட்டில் நாங்கள் காலை வைப்போம். ஆட்டம் நின்று அரை மணி ஆகியும் இருக்கைப் பட்டி விளக்கை அணைக்க மறந்திருப்பார்கள். வண்டிகளை வெளியே எடுக்கவும் முடியாது, பசித்தவர்களுக்குப் பதில் சொல்லவும் முடியாது. இறங்கப் போவதை 20 நிமிடத்துக்கு முன் சொல்ல வேண்டிய இடத்தில் 8 நிமிடத்துக்கு முன் சொல்வார்கள். 200 பேரின் தட்டுகளை அந்த 8 நிமிடத்தில் எப்படித் திரும்ப எடுப்பது? அள்ளித் திணித்துவிட்டு, வியர்வையைத் துடைக்கவும் நேரமின்றிப் பட்டியைக் கட்டிக்கொண்டு உட்காருவோம்.

எங்கள் பக்கம் மட்டும் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. முன்பகுதியில் குளிர்கிறது, சூட்டைக் கூட்டுங்கள் என்று ஒருத்தி தொலைபேசியில் கேட்பாள். ஐந்து நிமிடத்தில் பின்பகுதியிலிருந்து வேறொருவன், வேகிறது, குறையுங்கள் என்பான். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. முந்தைய குழு அடுப்பில் விட்டுப் போன பிசுக்கை நாங்கள் திட்டிக்கொண்டே துடைப்போம். எங்கள் பிசுக்கை அடுத்த குழுவுக்கு வைத்துவிட்டுப் போவோம். விமானத்து அடுக்களையை ஆங்கிலத்தில் 'கேலி' என்பார்கள். நம் மொழியில் அச்சொல்லுக்குள்ள பொருளும் அவ்விடத்துக்குப் பொருத்தமே. எந்தக் கேப்டன் கஞ்சன், எவர் மனைவியோடு தொலைபேசியில் சண்டையிட்டார் என்பதெல்லாம் அங்கேதான் அலசப்படும்.

உணவு விஷயம் தனி. இரு விமானிகளும் ஒரே உணவை உண்ணலாகாது என்பது பல நிறுவனங்களில் வழக்கம். உணவு கெட்டிருந்தால் ஒருவராவது தப்ப வேண்டுமல்லவா? கோழி ஒருவருக்கு என்றால் மீன் மற்றவருக்கு. வழக்கத்தின் நோக்கம் நல்லதுதான். ஆனால் முதலில் தெரிவு செய்பவர் எப்போதும் கேப்டன். ஆண்டுக் கணக்கில் மீனையே தின்று அலுத்த துணை விமானிகளை நான் அறிவேன்.

ரமளான் மாதத்தில் இன்னொரு சங்கடம் வரும். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ மாலையில் புறப்பட்டு மேற்கே பறந்தால் சூரியனும் கூடவே வரும். கீழே ஊரில் பாங்கு சொல்லி முடிந்திருக்கும். 35,000 அடி உயரத்தில் அது இன்னும் கண்ணெதிரே நிற்கும். நோன்பாளிகள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைக் கேட்பார்கள். நாங்கள் விமானியறையைக் கேட்க வேண்டும். "நான் என்ன பள்ளிவாசலா நடத்துகிறேன்?" என்று சீறியவர் ஒருவர் உண்டு. இன்னொருவர் ஆங்கிலேயர். நாங்கள் கேட்கும் முன்பே அவரே தொலைபேசியில் அழைத்து, "இன்னும் ஏறத்தாழ 11 நிமிடம், மறைந்ததும் சொல்கிறேன்" என்றார். சொன்னபடியே சொன்னார். அன்று அந்த விமானம் முழுவதும் நிலவிய அமைதியை இப்போதும் உணர்கிறேன்.

இனி, என்னை இதை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சார்லட் நகருக்கு இறங்கிக்கொண்டிருந்த விமானம் ஒன்றில், விமானிகள் அரசியலும் பழைய கார் விற்பனையும் பேசிக்கொண்டிருந்து உயரத்தைக் கவனியாது போயினர்; 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதுபோன்ற விபத்துகளுக்குப் பின், 1981இல் அமெரிக்க அரசு ஒரு விதி செய்தது. 10,000 அடிக்குக் கீழே, ஏறும்போதும் இறங்கும்போதும், விமானத்தைச் செலுத்துவதற்குத் தேவையற்ற எந்தப் பேச்சும் விமானியறையில் கூடாது; வெளியிலிருந்தும் அவர்களைத் தொந்தரவு செய்யலாகாது. பிற நாட்டு நிறுவனங்களும் இதை ஏற்றுக்கொண்டன. பாதுகாப்புக்குரிய செய்திக்கு எந்நேரமும் தடையில்லை. விதி தெளிவானதுதான். ஆனால் விதியைச் சொல்லித் தரும் குரல் ஒன்றிருக்கிறதே!

1987இல் நான் அந்தக் குரலைக் கேட்டேன். விமானம் ஏறிக்கொண்டிருந்தபோது, நடக்கவியலாத முதியவர் ஒருவருக்குச் சக்கர நாற்காலி கேட்டுத் தொலைபேசியில் அழைத்துவிட்டேன். தவறு என்னுடையதே. ஆனால் தரையிறங்கியபின் கேப்டன் எல்லார் முன்னிலையிலும் என்னை நிறுத்தி, "நாற்காலிக் கதை கேட்கவா நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்?" என்றார். பயணிகள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் திரும்பும் வழியில் அதே கேப்டன். விமானம் இறங்கத் தொடங்கி, பின்பக்க அடுக்களையில் நான் தனியாக நிற்கிறேன். எரியும் வாடை வந்தது. தொலைபேசியைக் கையில் எடுத்தேன். பொத்தானை அழுத்தவில்லை. இது சொல்லத்தக்க வாடையா, சொல்லத்தகாத வாடையா என்று நின்றுகொண்டிருந்தேன். நிச்சயமாக மூன்று நிமிடம் இருக்கும், நான்காகவும் இருக்கலாம். பிறகு அடுப்பைத் திறந்தேன். யாரோ மறந்து விட்டுப்போன காகிதக் கைக்குட்டைக் கட்டு ஒன்று ஓரம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, கதவை மூடியே வைத்தேன், அணைந்துவிட்டது. அந்தக் கேப்டனுக்கு அது தெரியவே தெரியாது. என் பணிப் பதிவிலும் இல்லை. விமானத்தில் தீ எத்தனை நிமிடத்தில் என்ன செய்யும் என்பதைப் பயிற்சியில் கண்டவன் நான். ஆயினும் அந்த நிமிடங்களில் எனக்குத் தீயைவிட அந்த மனிதரிடமே அச்சம் அதிகமாக இருந்தது.

சில ஆண்டுகள் கழித்துப் பயிற்சி வகுப்பில் கனடாவின் டிரைடன் விபத்தைப் பற்றிச் சொன்னார்கள். 1989 மார்ச் 10. ஒண்டாரியோ மாநிலத்துச் சிற்றூர் நிலையம் அது. பனி பொழிந்துகொண்டிருந்தது. 69 பேருடன் போக்கர் எஃப்-28 விமானம் ஓடுபாதைக்குச் சென்றது. இறக்கைகளின்மேல் பனி படிந்திருப்பதைப் பணிப்பெண் கண்டார். பயணிகளாக அமர்ந்திருந்த வேறு விமானிகள் இருவரும் கண்டனர். ஒருவரும் விமானியறைக்குச் சொல்லவில்லை. மேலெழுந்த விமானம் மரங்களில் மோதி வீழ்ந்தது. 24 பேர் இறந்தனர். பணிக்குழுவினர் நால்வரில் பிழைத்தவர் அந்தப் பணிப்பெண் ஒருவரே. நீதிபதி மொஷான்ஸ்கியின் விசாரணை ஆணையம் ஏன் சொல்லவில்லை என்பதையும் ஆராய்ந்தது. இத்தகைய விஷயங்களைப் பணிப்பெண்கள் சொல்வதை விமானிகள் விரும்புவதில்லை என்ற எண்ணம் அவர் மனத்தில் ஊறிப்போயிருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே வீழ்ந்த விமானத்திலும், பழுதானது இடப்பக்க இயந்திரம். விமானிகள் நிறுத்தியது வலப்பக்க இயந்திரம். பின்னால் இருந்த பலர் இடப்பக்கத்துத் தீப்பொறியைக் கண்டிருந்தும் அச்செய்தி முன்னே எட்டவில்லை. மாண்டவர் 47 பேர்.

வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் உணவுக்குச் சென்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அந்தப் பணிப்பெண்ணின் மௌனத்தை நான் கையில் பிடித்துப் பார்த்தவன்.

அந்தப் பாடத்தால் நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். 1997இல் நான் பர்சர். அறைப் பணியாளர்களுக்கெல்லாம் தலைவன். கொழும்பைச் சேர்ந்த புதுப்பெண் ஒருத்தி என் குழுவில் இருந்தாள். என்னை 'நானா' என்று அழைப்பாள். அன்று மூன்று முறை சின்ன விஷயங்களுக்காக என்னைத் தேடி வந்தாள். போர்வை போதவில்லை, ஒரு பயணி இடம் மாறக் கேட்கிறார், இன்னொன்று மறந்துவிட்டது. மூன்றாம் முறை, "இதற்கெல்லாம் என்னை இழுக்காதே தங்கச்சி, உனக்குக் கண் இல்லையா, மூளை இல்லையா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றே நினைவு.

தரையிறங்கி விமானம் வேகம் தணியும்போது, பின்பக்க அடுக்களையிலிருந்து உணவு வண்டி ஒன்று பூட்டுக் கொண்டியை விட்டு விலகி, நடைபாதை வழியே முன்னோக்கி உருண்டது. கையை வெளியே தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் விரல்களில் மோதி நின்றது. இரண்டு விரல்கள் முறிந்தன. கொண்டி சரியாகப் பிடிக்கவில்லை என்பதை அந்தப் பெண் இறங்கும் முன்பே பார்த்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். அப்போதும் குரலை உயர்த்தித்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க ஏசுவீங்க எண்டு பயத்துல சொல்லல்ல நானா."

அறிக்கையில் கொண்டியின் தேய்மானத்தை எழுதினார்கள். அவளுடைய கவனக்குறைவையும் எழுதினார்கள். என் வாக்கியத்தை எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் அடுத்த ஆண்டு வேலையை விட்டுச் சென்றாள். திருமணம் என்றார்கள். அது மட்டுமே காரணமா என்று நான் விசாரிக்கவில்லை.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு விமானியறைக் கதவுகள் வலுவாக்கப்பட்டு, பறக்கும் நேரமெல்லாம் பூட்டியே இருக்கலாயின. பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் முன்பெல்லாம் தேநீர் கொடுக்கப் போகும் சாக்கில் இரண்டு வார்த்தை பேசுவோம்; கேப்டனின் முகம் எப்படியிருக்கிறதென்று தெரியும். பிறகு எல்லாம் தொலைபேசியிலும் கதவுப் பொத்தானிலும் என்றாயிற்று. சில விமானங்களில் ஐந்து மணி நேரம் ஒன்றாகப் பறந்த விமானியை, இறங்கிய பின் பேருந்தில்தான் முதன்முறை சரியாகப் பார்ப்போம்.

என் கடைசிப் பயணம் 2012இல் ஓர் இரவு. உணவு நேரம் வந்ததும் வழக்கப்படி தொலைபேசியில் அழைத்து, "கேப்டன், கோழியா, மீனா?" என்றேன். மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, "முதலில் பக்கத்திலிருக்கும் தம்பியைக் கேளுங்கள். மிஞ்சுவது எனக்கு" என்றார். துணை விமானியிடம் தொலைபேசி மாறியது. சிறு வயது, குரலில் கூச்சம். என்ன வேண்டும் என்று நான் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. கோழி என்றான். மீனைச் சூடாக்கி, தட்டில் ஓர் எலுமிச்சைத் துண்டும் சேர்த்து வைத்து, கதவுப் பொத்தானை அழுத்திக் காத்து நின்றேன்.