கடல் இல்லை... ரயில் இல்லை... கதவு இருக்கு!

ஒரு சின்ன க்விஸ், மக்களே. கடற்கரை கிடையாது. ரயில் பாதை ஓர் அடிகூடக் கிடையாது. எங்கே திரும்பினாலும் மலை. எந்த ஊர்? 'பூட்டான்'னு கையைத் தூக்குற ஃபர்ஸ்ட் பெஞ்ச் பார்ட்டிகள் கொஞ்சம் உட்காருங்க. நான் கேட்டது எங்க போடி பஸ் ஸ்டாண்டுல இருந்து ஒரு மணி நேரச் சொச்சத்துல எட்டிப் பிடிக்கிற இடுக்கி மாவட்டத்தை!

1972-ல உருவான கேரள மாவட்டம். தென்னிந்தியாவோட உயரமான சிகரம் ஆனைமுடி (2,695 மீட்டர்) அங்கேதான் நிக்குது. ரூமுக்கு எல்லாப் பக்கமும் சுவர்னா கதவுக்குத்தானே மவுசு? தேனி மாவட்டத்துல இருந்து உள்ளே போக குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுனு மூணு கதவு. நம்ம கதவு போடிமெட்டு.

காலேஜ்ல கட் அடிச்சாவது ஒரு தடவை இந்த பஸ்ல ஏறுங்க (ஹெச்.ஓ.டி. இதைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியம்தான்). முந்தல் தாண்டினதும் மலை ஆரம்பம். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். சிவில் டிபார்ட்மென்ட் ஆளுங்க ரோட்டைப் பார்ப்பாங்க, மெக்கானிக்கலான நான் டிரைவரோட கியரைப் பார்த்தேன். பக்கத்து சீட் பையன் புளியூத்து அருவியைக்கூடப் பார்க்கலை, பாலிதீன் கவர்ல முகத்தைப் புதைச்சிருந்தான். மேலே வந்து கதவைத் திறந்தா, கீழே வியர்வையில ஒட்டின சட்டைக்குள்ள குளிர் நுழையும். 1,300 மீட்டருக்கு மேல இருக்கோம்ல!

இங்கே நின்னு ரெண்டு பக்கமும் பாருங்க. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல்ல இருந்து தூக்கிட்டு வர்ற மழையை அந்தப் பக்கச் சரிவுலேயே கொட்டிடும். நமக்கு வந்து சேர்றது வெறுங்காத்து. அதான் அங்கே பச்சைப்பசேல், போடிப் பக்கம் பழுப்பு. ஸ்கூல்ல 'மழை மறைவுப் பிரதேசம்'னு மக்கப் பண்ணி அஞ்சு மார்க் வாங்கினோமே, அதோட லைவ் டெமோ!

அந்த மழையும் நிழலும்தான் ஏலக்காய். செடி ஆளைவிட உசரம், காய் மட்டும் தரையோரமா சரத்துல தொங்கும். குனிஞ்சு, உட்கார்ந்து, பழுத்ததா பார்த்து விரலால கிள்ளணும். இதுக்கு இன்னிக்கு வரைக்கும் உருப்படியா ஒரு மெஷின் கிடையாது. (ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நாயா அலையுற சீனியர்கள் கவனிக்க!) எடுத்த காயை ஸ்டோர்ல காயவெச்சு, தரம் பிரிச்சு, ஏலத்துக்குக் கொண்டு வருவாங்க. நறுமணப் பொருள் வாரியத்தோட மின்னணு ஏலம் ரெண்டு இடத்துல நடக்குது. ஒண்ணு இடுக்கியில புத்தடி, இன்னொண்ணு போடி.

அதாவது, மலைக்குக் கடல் இல்லாட்டியும் சரக்குக்கு வழி நம்ம பக்கம் உண்டு. ஒரு காலத்துல மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன்ல இருந்து கயிற்றுப்பாதையில கோட்டக்குடிக்கு இறங்கி, வண்டியில போடிக்கு வந்து, அப்புறம் கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போச்சு. 2010 கடைசியில நின்ன போடி ரயிலும் 2023 ஜூன்ல திரும்ப வந்தாச்சு. இடுக்கியில பூப்பாறை, சாந்தன்பாறை ஆட்கள் இப்போ சென்னைக்கு ரயில் பிடிக்க போடிக்குத்தான் இறங்குறாங்க. பதிலுக்கு அந்த மலைத் தண்ணி, 1895-ல கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணை வழியா நம்ம வைகைக்கு வருது. தமிழர்கள் நிறைய இருந்த தேவிகுளமும் பீர்மேடும் 1956-ல கேரளாவோட சேர்ந்தப்பவும் போக்குவரத்து நிக்கலை.

கதவு சாத்தினதும் உண்டு. 2011 டிசம்பர்ல அணைப் பிரச்னை கொதிச்சப்ப, தோட்டங்கள்ல தங்கியிருந்த தமிழ்க் குடும்பங்கள் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு மலையிறங்குச்சு. அப்போ எனக்கு ஆறு வயசு, ஞாபகமில்லை. ஆனா 2020 மார்ச் நல்லா ஞாபகம் இருக்கு. லாக்டவுன், மெட்டுல தடுப்பு. பத்தாவது பரீட்சை ரத்தாகி 'ஆல் பாஸ்'னு நான் வீட்டுல குதிச்சப்ப, பெரியம்மா திண்ணையில சும்மா உட்கார்ந்திருந்தாங்க. அவங்க காய் எடுக்கப் போறவங்க. இருட்டோட கிளம்பி ஜீப்ல மெட்டு ஏறி, சாயங்காலம் இறங்குவாங்க. தோட்டம் அந்தப் பக்கம், அடுப்பு இந்தப் பக்கம். மாசக்கணக்குல கூலி இல்லை. அப்புறம் பாஸ் வேணும்னாங்க, போன்ல பதியணும்னாங்க. அவங்ககிட்ட இருந்தது பட்டன் போன்.

"பெரியம்மா, 2019-ல ஏலக்காய் கிலோ 7,000 ரூபா வரைக்கும் போச்சாமே, அப்ப கூலி ஏத்தினாங்களா?"னு போன வாரம் கேட்டேன். "ஏலத்துக்கு நம்மளையா சாமி கூப்பிட்டாக?"னு சிரிச்சுட்டு, என் டிபன் பாக்ஸை மூடினாங்க. என்னோட முதல் வருஷ ஃபீஸ்ல பாதி இந்த 17 வளைவு ஏறி இறங்கின காசுங்க.

மூணாறுக்குப் போற பந்தாவுல போடிமெட்டைத் தாண்டி ஓடிடாதீங்க. சாயங்காலம் மெட்டுல டீக்கடை ஓரமா நில்லுங்க. ஜீப்புகள் வரிசையா இறங்கும். உள்ளே நெருக்கியடிச்சு உட்கார்ந்திருப்பாங்க, தலையில துண்டு, மடியில தூக்குவாளி. சும்மா ஒரு கை காட்டுங்க. திருப்பிக் காட்டுறதுல பச்சை ஸ்வெட்டர் போட்டவங்க எங்க பெரியம்மாவா இருக்கலாம்.