இராஜகிரியும் ஒரு வகுப்பறையும்

திண்டிவனத்திற்கு மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில் செஞ்சி. அவ்வட்டாரத்துத் தொடக்கப் பள்ளியொன்றின் நூல்நிலையத்திற்கு நிதி திரட்ட இராஜகிரி ஏறுவது, மறுநாள் அப்பள்ளியிலேயே பாடம் சொல்வது என நண்பர்கள் அறுவர் முடிவு செய்தோம்.

ஏறத்தாழ 800 அடி உயரம். உச்சியை நெருங்குகையில் பாறைப் பிளவொன்றைப் பாலத்தால் கடக்க வேண்டும். மூச்சு வாங்கியது, ஏறினோம். பணமும் சேர்ந்தது. செயற்கரிய செயல் ஒன்றும் அன்று.

மறுநாள் ஐந்தாம் வகுப்பில், 1714இல் வீழ்ந்த தேசிங்குராஜன் கதையை அவன் தோழன் மகபத்கானோடு சேர்த்துச் சொன்னோம். குழந்தைகள் கண்ணிமைக்காமல் கேட்டனர். முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்தாள்.

"நாளைக்கும் வருவீங்களா, சார்?"

பேருந்துக்கு நேரமாயிற்று என்று ஏதோ சொல்லி மழுப்பினோம்.

வழிநெடுக அக்கேள்வி உடன் வந்தது. எட்மண்ட் ஹில்லாரி எவரெஸ்ட் உச்சியில் நின்றது 1953இல், ஒரே ஒருமுறை. ஷெர்பா மக்களுக்காகக் கும்ஜுங்கில் 1961இல் பள்ளி எழுப்பிய பின்னரோ, அம்மலைநாட்டிற்குப் பல்லாண்டுகள் திரும்பத் திரும்பச் சென்றார். மலையேற்றத்தை மட்டுமே அவரிடமிருந்து கற்றிருந்தோம் போலும்!

இப்போது மாதந்தோறும் முதல் திங்களன்று எங்களில் இருவர் போய்வருகிறோம். மலை ஏறுவதில்லை. அச்சிறுமி ஏழாம் வாய்பாட்டில் இன்னும் தடுமாறுகிறாள்.