அசையக் கூடாது, ஆனால் விட்டுக்கொடுக்கணும்!

பி.காம் படிக்கிறவனுக்கு சிமெண்ட் கலவையோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கதை அப்படி!

தினமும் விழுப்புரத்தில் ரயிலேறி திண்டிவனம் போகிறவன் நான். அங்கே சாயங்காலம் சாப்ட்பால் ஆடுவோம். எங்களுக்கு பேஸ் என்றால் மணல் நிரப்பிய சாக்குதான். போன மாதம் ஜூனியர் தம்பி ஒருவன் ஓடிவந்து இரண்டாவது பேஸில் கால் வைத்தான். சாக்கு நகர்ந்துவிட்டது. கணுக்கால் பிசகி மூன்று வாரம் கட்டு.

"இனிமே பேஸ் அசையவே கூடாதுடா" என்று முடிவெடுத்து, மைதானத்தில் அனுமதியும் வாங்கினோம். முறை எளிதுதான். சதுர இரும்புக் குழாயைக் காங்கிரீட் போட்டுத் தரையில் புதைக்க வேண்டும். பேஸின் அடியில் இருக்கும் தண்டு அதற்குள் இறங்கி உட்காரும். குழாயின் வாய் தரைமட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே இருக்கட்டும். ஆட்டம் இல்லாதபோது மூடி போட்டு அடைத்துவிடலாம்.

அளவில்தான் கோட்டை விட்டோம். சாப்ட்பாலில் பேஸுக்குப் பேஸ் 60 அடி. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸுக்குக் குறுக்கே 84 அடி 10¼ அங்குலம் (பிதாகரஸ் தாத்தா வாழ்க!). இரண்டாவது பேஸின் மையம்தான் சரியாக மூலையில் வரும். முதல், மூன்றாவது பேஸ்கள் முழுக்கக் கட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பேஸ் 15 அங்குலச் சதுரம். அதனால் அவற்றின் குழாய் மூலையின் இரண்டு கோடுகளிலிருந்தும் ஏழரை அங்குலம் உள்ளே வரணும். நாங்களோ மூலையிலேயே தோண்டியிருந்தோம். மறுபடி கடப்பாரை...

கலவை போடுவதற்கு முந்தின ராத்திரி, 1988-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைப் படித்தேன். அசையாத பேஸ் வைத்த 627 சாப்ட்பால் ஆட்டங்களில், சறுக்கி வந்து மோதியதால் 45 காயங்கள். மோதினால் கழன்றுகொள்ளும் பேஸ் வைத்த 633 ஆட்டங்களில் வெறும் 2.

தூக்கிவாரிப் போட்டது. தம்பிக்காகச் செய்யப்போய் இன்னொருத்தன் காலை உடைக்கப் பார்த்தோமே! மிதிக்கிறவனுக்கு பேஸ் நகரக் கூடாது. மோதுகிறவனுக்கு அது விட்டுக்கொடுக்கணும். கழலும் பேஸ் வாங்கக் கையில் காசில்லை. குழாயைப் புதைத்தோம், கூடவே ஒரு சட்டமும் போட்டோம்: அது வரும்வரை யாரும் சறுக்கக் கூடாது.

நேற்று தம்பி கட்டுப் பிரித்து வந்தான். பேஸைக் காலால் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. "அண்ணா, சீக்கிரம் காசு சேர்த்து அந்தக் கழலுற பேஸ் வாங்கிடலாம்ணா" என்றான்.

உண்டியலில் இதுவரை 340 ரூபாய். கணக்கு எழுதுவது நான்தான். பி.காம் ஆச்சே!