யார் வந்தார்கள், யார் நின்றார்கள்

2022 ஜனவரி 20 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் கால்பந்து அணி ஈரானோடு கோல் இல்லாமல் டிரா செய்தது. ஆசியக் கோப்பை, அதுவும் சொந்த மண்ணில். மூன்று நாள் கழித்து சீன தைபேயோடு ஆட வேண்டும். அதற்குள் அணியில் பலருக்குக் கொரோனா. களமிறக்கப் பதின்மூன்று பேர்கூடத் தேறவில்லை. இந்தியா விலகிவிட்டதாகக் கணக்கு எழுதப்பட்டது. ஈரானோடு ஆடிய அந்தத் தொண்ணூறு நிமிடமும் செல்லாது என்றாகிவிட்டது.

அப்போது பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பி. 2011 உலகக் கோப்பையில் ஸ்வீடனை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோனவர். சீனியர் அணிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் வந்ததால் அணி முன்னேறியதா? முந்தைய நவம்பரில் பிரேசில் போய் 1–6 என்று தோற்றிருந்தார்கள். ஆறை எண்ணுகிறவர்கள் ஆறை எண்ணலாம். பிரேசிலின் வலைக்குள் மனீஷா கல்யாண் அடித்த அந்த ஒன்றை எண்ணுகிறவர்கள் ஒன்றை எண்ணலாம்.

அவருக்கு முன்னால் இருந்தவர் மேமோல் ராக்கி. சீனியர் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் பெண். 2019 மார்ச்சில் தெற்காசியப் பட்டம். அடுத்த மாதம் மியான்மரில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. இந்தோனேசியாவையும் நேபாளத்தையும் வென்று, மியான்மரோடு 3–3 டிரா. புள்ளிகள் சமம், கோல் வித்தியாசத்தில் வெளியே. 2021இல் அவர் விலகினார். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் எங்கள் கமிட்டிதான். மாமல்லபுரத்துக்குப் பக்கத்து மீனவர் குப்பம் எங்களுடையது. நான் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய்வருகிறவள். ஊரில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்து அணி இருக்கிறது. என் அண்ணன் மகள் அதில் ஆடுகிறாள். கணக்கு தெரியும் என்பதால் கமிட்டிக்கு என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். போன வருஷம் ஒரு பெண் கோச் வந்தார். பிள்ளைகள் அவரை ‘அக்கா’ என்றார்கள்; கமிட்டி ஆண்கள் ‘அந்தப் பொண்ணு’ என்றார்கள். வருஷம் முடிந்ததும் அவரைத் தொடரவிடுவதா என்று பேச்சு வந்தது. கேள்வி ஒன்றுதான்: “எத்தினி கப்பு வந்துச்சு?”

ஒன்றுமில்லை. அதுதான் பதில். முன்பிருந்த ஆண் கோச் காலத்தில் இரண்டு கோப்பைகள் வந்தன.

அந்தக் கோப்பைகள் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும். அணியில் ஒருத்தி நல்ல உயரம், நல்ல ஓட்டம். அவளை முன்னால் நிறுத்திவிட்டு, மற்ற பத்துப் பேரும் பந்து கிடைத்ததும் அவளைப் பார்த்து ஓங்கி உதைப்பார்கள். சின்னப் போட்டிகளுக்கு அது போதும். பிளஸ் டூ முடித்ததும் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். கோப்பையும் அவளோடு போய்விட்டது. மிச்சம் பத்துப் பேருக்கும் பந்தைக் காலில் வைத்திருக்கவே தெரியவில்லை. புது கோச் அங்கிருந்துதான் ஆரம்பித்தார். கோல்கீப்பர் பந்தை உதைக்கக் கூடாது, பக்கத்தில் நிற்பவளிடம் தள்ளு. அவள் திரும்பி அடுத்தவளிடம் கொடு. முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. நம் கோல் வாசலிலேயே பந்தைப் பறிகொடுத்து நாமே கோல் வாங்கினோம். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம்.

பாஸ் டெர் வீல் என்ற பொருளியல் அறிஞர் நெதர்லாந்து கால்பந்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் ஆட்ட முடிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். கோச்சை மாற்றிய அணிகளையும், அதே அளவு சரிந்தும் மாற்றாத அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாற்றிய அணிகள் கூடுதலாக ஒன்றும் எழுந்துவிடவில்லை. அணி அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான் கோச்சை மாற்றுவார்கள். அடிமட்டத்திலிருந்து கொஞ்சம் மேலே வருவது எப்படியும் நடக்கும். அந்தப் பெயர் புதிதாக வந்தவருக்குப் போகும். எங்கள் கோச் விஷயத்தில் இது தலைகீழ். ஒருத்தியின் காலில் நின்றிருந்த அணி, அவள் போன மறுமாதம் இவர் கைக்கு வந்தது. அந்தச் சரிவும் இவர் கணக்கில் ஏறியது. ஆண்கள் விட்டுப்போன பள்ளத்தில் ஒரு பெண்ணை இறக்கிவிட்டு, ஏன் மேலே வரவில்லை என்று கேட்பது கால்பந்தில் மட்டும் நடக்கிற விஷயமா என்ன?

கமிட்டிக்கு நான் வேறொரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். முதல் மாதம் வந்த பிள்ளைகள் பதினான்கு. வருஷக் கடைசியில் பத்தொன்பது. பெரியவளானதும் நின்றுபோன மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். அதற்கு கோச் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பந்துப் பையிலேயே நாப்கின் வைத்தார். கறுப்பு டிராக் பேன்ட் போட்டு ஆடலாம் என்றார். மைதானத்தை ஒட்டிய வீட்டுக்காரம்மாவிடம் பேசி கழிப்பறைச் சாவி வாங்கினார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையன்கள் கிரிக்கெட்டுக்கு மைதானத்தை எடுத்துக்கொள்வார்கள். இவர் பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு மாற்றினார். தண்ணீர் பிடிக்கிற நேரம் அது என்று அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் மட்டும் அண்ணன் தம்பிகள் தண்ணீர் பிடிக்கட்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பேசினார். சில வீடுகளில் நடந்தது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது சத்தம். கால்பந்தில் கத்த வேண்டும். பந்து யாருக்கு, பின்னால் யார் வருகிறார்கள், விடு, எடு என்று கோல்கீப்பர் ஓயாமல் கத்தாவிட்டால் டிஃபென்ஸ் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் மோதி விழுவார்கள். எங்கள் பிள்ளைகள் கத்த மாட்டார்கள். கடற்கரையில் ஏலம் கூறுகிற அம்மாக்களின் பிள்ளைகள்தான். ஆனாலும் வயதுக்கு வந்த நாளிலிருந்து ‘மெதுவா பேசு’ என்று கேட்டே வளர்ந்தவர்கள். கோச் ஒரு மாதம் பந்தே இல்லாமல் இதைப் பழக்கினார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நடக்க, இன்னொருத்தி தூரத்திலிருந்து கத்தியே வழி சொல்ல வேண்டும். “என் பால்!” என்று என் அண்ணன் மகள் கத்தியது சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. அவள் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வலையில் விழுந்த கோல்களின் எண்ணிக்கை குறைய ஆரம்பித்ததும் அந்த மாதத்திலிருந்துதான். கடைசி ஆறு ஆட்டங்களில் இரண்டு வெற்றி, இரண்டு டிரா.

இதற்காகத் தோல்வியைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பெண் கோச், பாவம், விட்டுவிடுங்கள் என்பதும் ஒரு அவமானம்தான். 2019இல் சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீசை 3–1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டம் எடுத்தபோது கோச் அம்ருதா அரவிந்த். சலுகையில் வந்த பட்டம் இல்லை அது. 2018இல் மணிப்பூரையும் 2023இல் ஹரியானாவையும் 2–1 என்று வென்று தமிழ்நாடு தேசியப் பட்டம் எடுத்ததும் கொஞ்ச நாள் வேலை இல்லை. கடலூரில் சுனாமிக்குப் பிறகு மாரியப்பன் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பந்தாட வைத்தார். பண்ருட்டிப் பக்கத்து சந்தியா ரங்கநாதன் அரசு விடுதியில் வளர்ந்து அவரிடம் கற்றவர். நான் மேலே சொன்ன அந்த 3–3 ஆட்டத்தில் முதல் கோல் சந்தியாவுடையது. சுனாமி வந்தது 2004, அந்தக் கோல் 2019. கடலூரில் யாராவது ஒரு வருஷத்தில் கப்பு எங்கே என்று கேட்டு மாரியப்பனை அனுப்பியிருந்தால்?

கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர், “கோச் யாராயிருந்தா என்னம்மா, ஆட்டம் தெரிஞ்சா போதும்” என்றார். 2022 ஜூனில் பதினேழு வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணி நார்வே போயிருந்தபோது, உதவிப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் முறைகேட்டுப் புகாரில் நாடு திருப்பப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆட்டம் தெரிந்தவர்தான் அவரும். அந்த அக்டோபரில் உலகக் கோப்பையில் அந்தப் பிள்ளைகள் அமெரிக்காவிடம் 0–8, மொராக்கோவிடம் 0–3, பிரேசிலிடம் 0–5. நாடே பதினாறு கோலை எண்ணியது. வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள், அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எங்கள் கமிட்டியில் இதற்குமுன் யாரும் கேட்டதில்லை. இந்த கோச் எழுதிவைத்திருக்கிறார்: எந்த வீட்டில், எந்த அறையில், யார் யாரோடு. அந்த நோட்டையும் கணக்கோடு சேர்த்து மேசைமேல் வைத்தேன்.

ஒருமணி நேரம் பேசினார்கள். பணம் கொடுக்கிறவர் வாயே திறக்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆறு மாதம் நீட்டிப்பு, அதே சம்பளம், ஆனால் பொங்கல் போட்டியில் இறுதியாட்டத்துக்காவது வர வேண்டும் என்று நிபந்தனை. முந்தைய கோச்சுக்கு இப்படி நிபந்தனை எதுவும் போட்டதில்லை என்று சொன்னேன். தீர்மானப் புத்தகத்தில் என் ஆட்சேபத்தை எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்கள், இரண்டு வரி.

கோச்சிடம் நிபந்தனையைச் சொன்னபோது அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இடது காலில் பாஸ் கொடுக்க இன்னும் நாலு பேருக்கு வரவில்லை, அதற்கு எட்டுப் பந்து கூடுதலாக வேண்டும், கமிட்டியில் கேட்க முடியுமா என்றார். விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.