பொருந்தும் பொறி

நுழையும்முன்

வலிமை மிக்க இயந்திரம் ஒன்றைப் பழைய வண்டியில் பொருத்திவிட்டால் அது புதிய வண்டியாகிவிடும் என்று இளமை நம்புகிறது. அந்நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை, இயந்திரம் மாற்றப்பட்ட வண்டிகளின் வரலாறு கற்றுத் தருகிறது. ஆற்றலுக்கும் அதனைத் தாங்கும் உடலுக்கும் இடையே இருக்கவேண்டிய பொருத்தத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கிணறு கற்பித்த பாடம்

புதுக்கோட்டை மாவட்டம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கண்மாயும் கிணறுமே இங்கு வேளாண்மையின் உயிர்நாடிகள். கமலை மாடுகள் நீர் இறைத்த கிணறுகளில் பின்னாளில் எண்ணெய் இயந்திரங்கள் அமர்ந்தன. அவற்றின் இடத்தை மின்மோட்டார்கள் பிடித்தன. கிணறு மாறவில்லை, இறைக்கும் ஆற்றல் மட்டும் மாறியது. மாடுகள் நாள்முழுதும் இறைத்த நீரை மோட்டார் சிறுபொழுதில் இறைத்துத் தள்ளியது. ஆனால், ஊற்றின் வேகம் கூடவில்லை. கிணறு வற்றியது, மேலும் ஆழப்படுத்த வேண்டிய நிலை வந்தது.

ஓரிடத்தில் ஆற்றலை மிகுத்தால் அதனோடு இணைந்த அனைத்தும் அதற்கேற்ப மாறியாக வேண்டும் என்பதை இம்மாவட்டத்து உழவர்கள் பட்டறிவால் அறிந்தனர். பழைய மகிழுந்தில் புதிய இயந்திரத்தைப் பொருத்துவோரும் இதே பாடத்தைத்தான் கற்கின்றனர். பழைய பந்தய மகிழுந்தின் உடலழகு மங்காதிருக்கும். அதன் இயந்திரமோ காலத்தால் பின்தங்கியிருக்கும். ஆகவே, உடலை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே டர்போ இயந்திரத்தைப் பொருத்திவிடும் ஆசை உலகெங்கும் உண்டு.

மூச்சு வலுத்த இயந்திரம்

இயந்திரத்தின் ஆற்றல் அது எரிக்கும் எரிபொருளைப் பொறுத்தது. எரிக்கும் அளவோ அது உள்ளிழுக்கும் காற்றைப் பொறுத்தது. இயல்பான இயந்திரம் தானே மூச்சிழுக்கிறது. டர்போசார்ஜர் பூட்டப்பட்ட இயந்திரத்திற்கோ மூச்சு ஊட்டப்படுகிறது. வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உருளைக்குள் செலுத்துகிறது. இச்சக்கரங்கள் நிமிடத்திற்கு ஒரு இலட்சம் முறைக்கும் மேல் சுழலக்கூடியவை. வீணாகும் புகையிலிருந்தே வலிமையைப் பெறும் இவ்வழியைச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே வகுத்துக் காப்புரிமை பெற்றார்.

ஆற்றல் மிகும்போது வெப்பமும் மிகும். அழுத்தப்பட்ட காற்று சூடேறும். பெட்ரோல் உரிய நேரத்திற்கு முன்பே வெடித்து உந்துதண்டைத் தாக்கும். 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 'ஜெட்ஃபயர்' என்னும் டர்போ மகிழுந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் 3.5 லிட்டர் அலுமினிய இயந்திரம் 215 குதிரைத்திறனைத் தந்தது. முன்வெடிப்பைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த நீர்மத்தை உரிமையாளர் தனித்தொட்டியில் நிரப்பிவர வேண்டியிருந்தது. பலர் அதனை நிரப்பத் தவறினர். வண்டிகள் தொல்லை தந்தன. இறுதியில் டர்போவைக் கழற்றிவிட்டு இயல்பான கார்புரேட்டரைப் பொருத்தித் தரும் நிலைக்கு அந்நிறுவனம் வந்தது. இயந்திரத்தின் தேவையும் அதனைப் பயன்படுத்துவோரின் பழக்கமும் பொருந்தாததே அங்கு நேர்ந்த குறை.

ஓர் இயந்திரத்தின் பயணம்

அந்த அலுமினிய இயந்திரத்தின் வரலாறு அத்துடன் முடியவில்லை. அதன் உடன்பிறப்பாகிய, பியூக் பிரிவு உருவாக்கிய எட்டு உருளை இயந்திரத்தின் உரிமையை இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் 1965-இல் பெற்றது. அமெரிக்காவில் கைவிடப்பட்ட இயந்திரம் இங்கிலாந்தில் மறுபிறவி எடுத்தது.

அந்நாளில் 'எம்.ஜி.பி.' என்னும் பந்தய மகிழுந்து அங்குப் பெயர்பெற்றிருந்தது. அதன் நான்கு உருளை இயந்திரம் 1.8 லிட்டர் அளவுடையது, வார்ப்பிரும்பாலானது. கென் காஸ்டெல்லோ என்னும் பந்தய வீரர் அதனைக் கழற்றிவிட்டு ரோவரின் எட்டு உருளை இயந்திரத்தைப் பொருத்தி விற்றார். அளவில் ஏறத்தாழ இருமடங்கு பெரியதாயினும், அலுமினியத்தாலானதால் புதிய இயந்திரத்தின் எடை பழையதினும் பெரிதாக மிகவில்லை. முன்சக்கரங்களின்மேல் சுமை ஏறவில்லை. வண்டி திரும்பும் இயல்பு கெடவில்லை. தனியொருவரின் பட்டறையில் வென்ற இப்பொருத்தத்தைப் பிறகு தாய் நிறுவனமே ஏற்றது; 1973 முதல் 137 குதிரைத்திறன் கொண்ட வண்டியாக அதனை உருவாக்கியது. இயந்திர மாற்றத்தில் வலிமைக்கு முன் எடையை நிறுத்துப் பார்க்கவேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

பெருங்களத்தூரில் நிகழ்ந்தது

ரோவர் நிறுவனம் 1976-இல் 'எஸ்.டி.1' என்னும் மகிழுந்தை வெளியிட்டது. பந்தய மகிழுந்தின் சாயலில் தாழ்ந்து சரிந்த முன்புறமும், அதே எட்டு உருளை இயந்திரமும் அதன் சிறப்புகள். 1977-ஆம் ஆண்டிற்கான ஐரோப்பாவின் சிறந்த மகிழுந்து என்னும் விருதை அது வென்றது. அந்த அழகிய உடல் பின்னர்த் தமிழ்நாட்டிற்கு வந்தது.

1948-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வேன்கார்டு, ஸ்டாண்டர்டு 10, ஹெரால்டு, கெசல் ஆகிய மகிழுந்துகளைத் தமிழ் மண்ணில் உருவாக்கியது. பெருங்களத்தூரிலிருந்த அதன் ஆலையில் 1985-இல் எஸ்.டி.1 உடல் 'ஸ்டாண்டர்டு 2000' என்னும் பெயர் பெற்றது. ஆனால், ரோவரின் எட்டு உருளை இயந்திரம் உடன் வரவில்லை. அந்நிறுவனம் தன் சிற்றுந்துகளில் பயன்படுத்திவந்த, வேன்கார்டு வழிவந்த 1,991 கன செ.மீ. இயந்திரமே அதில் வைக்கப்பட்டது. உள்நாட்டில் கிடைப்பதையே பயன்படுத்தியாக வேண்டிய அக்காலச் சூழலில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவே. ஆயினும், புதிய உடலுக்குள் நாற்பதாண்டுப் பழைமை கொண்ட இயந்திரம் துடித்தது.

விலை மிகுந்த அவ்வண்டியை வாங்கியவர்கள் தோற்றத்திற்கேற்ற விரைவை எதிர்பார்த்தனர், அது கிடைக்கவில்லை. எரிபொருள் சிக்கனமும் இல்லை. 1983 திசம்பரில் வந்திருந்த மாருதி 800 வெறும் 796 கன செ.மீ. இயந்திரத்துடன் சாலைகளை நிறைத்துக்கொண்டிருந்த காலம் அது. சிறிய உடலும் சிறிய இயந்திரமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. ஸ்டாண்டர்டு 2000-இன் உற்பத்தி 1988-இல் நின்றது. அதனுடன் தமிழ்நாட்டின் மகிழுந்துத் தொழிலில் ஒரு நெடுங்காலமும் முடிவுற்றது. பொருத்தம் தவறியதன் விலையை வண்டி வாங்கியவர்கள் மட்டும் கொடுக்கவில்லை. ஆலையை நம்பியிருந்த குடும்பங்களும் கொடுத்தன.

அதற்காக அந்தப் பழைய இயந்திரத்தைப் பழிப்பது முறையன்று. அதன் உறவு இயந்திரங்களே இங்கிலாந்தின் பெர்குசன் டிராக்டர்களில் அமர்ந்து வயல்களை உழுதன. அதே 1,991 கன செ.மீ. அளவில், 90 குதிரைத்திறனுடன் 1953-இல் 'டிரையம்ப் டி.ஆர்.2' என்னும் பந்தய மகிழுந்தை அது ஓட்டியது. ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுடைய அவ்வண்டி மணிக்கு 160 கிலோமீட்டரைக் கடந்து விரைந்தது. வயலில் வென்றது, பந்தயத்திலும் வென்றது, கனத்த உடலுக்குள் தோற்றது. இயந்திரத்தில் நல்லது, தீயது என்பது குறைவு. பொருந்துவது, பொருந்தாதது என்பதே மிகுதி.

இதன் மறுபக்கத்தைக் கான்டெசா காட்டியது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் வெளியிட்ட அந்தப் பெரிய மகிழுந்து, அம்பாசிடரின் 1,489 கன செ.மீ. இயந்திரத்தைச் சுமந்து திணறியது. பின்னர் சப்பானின் இசூசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் இயந்திரமும் ஐந்து கியர் பெட்டியும் பொருத்தப்பட்டன. வண்டி உயிர்பெற்றது, 2002 வரை உற்பத்தியில் நிலைத்தது. இயந்திரத்தோடு கியர்பெட்டியும் மாறியதே அதன் வெற்றிக்குத் துணைநின்றது.

பட்டறையின் கேள்வி

புதுக்கோட்டையில் பழைய மகிழுந்துகளைப் பழுதுபார்க்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் ஓர் இளைஞர் தம் கான்டெசாவைக் கொண்டுவந்தார். "அண்ணே, டர்போ என்ஜின் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. நம்ம வண்டியில ஏத்திரலாமா?" என்று ஆவலுடன் கேட்டார். முதியவர் வண்டியைச் சுற்றிவந்து சக்கரத்தருகே குனிந்தார். "ஏத்திரலாம் தம்பி. ஓட வைக்கிறது என் பாடு. நிறுத்துறது எதை வச்சுன்னு மொதல்ல சொல்லுங்க" என்றார்.

அக்கேள்விக்குள் ஓர் இயற்பியல் விதி அடங்கியுள்ளது. இயங்கும் பொருளின் ஆற்றல் அதன் விரைவின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி 90 கிலோமீட்டர் விரைவை எட்டினால், விரைவு ஒன்றரை மடங்குதான். பிரேக் தாங்கவேண்டிய ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. பழைய விரைவுக்கென வார்க்கப்பட்ட பிரேக் புதிய விரைவைத் தாங்காது.

அம்முதியவர் மேலும் பலவற்றை விரல்விட்டு எண்ணினார். புதிய முறுக்குவிசையைக் கிளட்சும் கியர்பெட்டியும் தாங்கவேண்டும். பின்னச்சின் கிரவுன் பற்கள் உடையாதிருக்கவேண்டும். இயந்திரத்தைத் தாங்கும் சட்டம் வலுப்பெறவேண்டும். மிகுந்த வெப்பத்தை ஆற்றப் பெரிய ரேடியேட்டர் வேண்டும்; அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கத் தனிக்கருவி வேண்டும். நெடுந்தொலைவு விரைந்து வந்தபின், இயந்திரத்தை உடனே நிறுத்தாமல் சற்றுநேரம் மெல்ல ஓடவிட வேண்டும். இல்லையெனில் டர்போவின் தண்டைக் காக்கும் எண்ணெய் வெந்து கருகிவிடும். வாங்கும் விலை இயந்திரத்திற்கு மட்டுமே. மீதிச் செலவு அதனைச் சுற்றி வளரும்.

சட்டமும் இதே கேள்வியை எழுப்புகிறது. பதிவுச் சான்றிதழில் இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களினின்று வேறுபடுமாறு உரிமையாளர் தம் விருப்பப்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த தொன்மை வாகனங்களுக்கு 2021-இல் வகுக்கப்பட்ட விதிகளோ, வண்டி தன் மூல வடிவில் பேணப்பட்டிருக்கவேண்டும் என்கின்றன. பழைய வண்டியின் இயந்திரம் வெறும் உறுப்பன்று. அது அவ்வண்டியின் வரலாறு. அதனைக் கழற்றி வீசுவோர் ஓர் ஆவணத்தின் நடுப்பக்கத்தைக் கிழிக்கின்றனர்.

நெய்தல் கரையில்

சாலையில் அரிதாக நிகழும் இயந்திர மாற்றம், இம்மாவட்டத்தின் கடற்கரையில் அன்றாடத் தொழிலாகவே விளங்குகிறது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய ஊர்களின் விசைப்படகுகளுக்கு விரைவு ஆசைப்பொருள் அன்று, அது பிழைப்பு. சரக்குந்துக்கென உருவான இயந்திரங்களைக் கடலுக்கேற்ப மாற்றிப் படகில் அமர்த்துவது தமிழகக் கடலோரம் நெடுங்காலமாக உள்ள வழக்கம். சாலையில் எதிர்க்காற்று இயந்திரத்தைக் குளிர்விக்கிறது. படகில் அப்பணியைக் கடல்நீர் ஏற்கிறது. சக்கரத்திற்குச் சென்ற சுழற்சி இங்கு நீருக்குள் இருக்கும் விசிறிக்குச் செல்கிறது. விசிறி பெரிதானால் இயந்திரம் திணறிக் கரும்புகை கக்கும். சிறிதானால் வீணே சுழன்று எண்ணெயைக் குடிக்கும். இயந்திரமும் விசிறித்தண்டும் ஒரே நேர்க்கோட்டில் அமையாவிட்டால் படகின் உடலே அதிரும். சாலையில் பழுதான வண்டியை ஓரங்கட்டலாம். நடுக்கடலில் அதற்கு இடமில்லை.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறுகின்றன. இயந்திரங்கள் பிரிக்கப்படுகின்றன, சில மாற்றப்படுகின்றன. தடை நீங்குமுன் ஒவ்வொரு படகும் கரையோரமாக வெள்ளோட்டம் விடப்படுகிறது. கரையில் நிற்பவர்கள் படகின் விரைவைப் பார்க்கின்றனர். இயந்திரத்தைப் பொருத்தியவரோ புகையின் நிறத்தைப் பார்க்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பழைய கருவியொன்றில் புதிய ஆற்றல் பொருத்தப்பட்டதைக் கண்டறிந்து, அதனால் உடன் மாறியவை எவை, மாறாததால் நேர்ந்த குறை எது என்பதைக் கட்டுரையாக எழுதுக.

2. 'தொன்மை வாகனத்தின் இயந்திரத்தை மாற்றலாமா?' என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.

3. இயந்திரப் பட்டறைகளில் வழங்கும் பிறமொழிச் சொற்கள் பத்தினைத் தொகுத்து, அவற்றுக்கு ஏற்ற தமிழ்க் கலைச்சொற்களை உருவாக்குக.