வெளியூரில் ஒரு மீட்டிங்

குடியை விட்டவனுக்கு உள்ளூரைவிட வெளியூரில்தான் கண்டம். உள்ளூரில் வீடு இருக்கிறது, குரூப் இருக்கிறது, எந்தத் தெருவில் எந்தக் கடை என்று தெரிந்து சுற்றிப் போகலாம். வெளியூரில் லாட்ஜ் அறையும் நீண்ட சாயங்காலமும்தான். இங்கே நம்மை யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு ஒன்றே போதும், ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால்தான் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் மூத்தவர்கள் சொல்வார்கள்: "டிக்கெட் போடும்போதே அந்த ஊர்ல மீட்டிங் எங்கன்னு பார்த்து வெச்சுக்கோ."

அமெரிக்காவில் கிளீவ்லாந்திலுள்ள மகன் வீட்டுக்குப் போனபோது நானும் பார்த்துவைத்தேன். 'மீட்டிங் கைடு' என்ற செயலியைத் திறந்தால், பக்கத்தில் எங்கே, எத்தனை மணிக்குக் கூட்டம் என்று வந்துவிடுகிறது. 'ஓப்பன்' என்றிருந்தால் குடும்பத்தார் உட்பட யாரும் போகலாம். 'குளோஸ்டு' என்றால் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். கட்டணம் கிடையாது. அந்தப் பட்டியலில், சுமார் 40 மைல் தெற்கே, அக்ரன் என்ற ஊர்ப்பெயர் கண்ணில் பட்டது. ஏ.ஏ. பிறந்த ஊர்! மகனிடம் சொன்னேன். "நானே கூட்டிட்டுப் போறேம்ப்பா" என்றான்.

அக்ரன் டயர் கம்பெனிகளால் வளர்ந்த ஊர். குட்இயர் அங்கே பிறந்ததுதான். 1935 மே மாதம் நியூயார்க்கின் பங்குச்சந்தைக்காரர் பில் வில்சன், ஒரு ரப்பர் இயந்திரக் கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் முயற்சியில் அங்கே வந்தார். குடியை விட்டு ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. வந்த காரியம் கெட்டது. சனிக்கிழமை மாலை மேஃப்ளவர் ஹோட்டல் முன்கூடத்தில் தனியே நின்றார். ஒரு பக்கம் பாரின் கலகலப்பு. மறுபக்கம் தொலைபேசியும் சர்ச்சுகளின் பட்டியலும். அவர் தொலைபேசியை எடுத்தார். ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டு, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும் என்று கேட்டார். ஒருவர் கைகாட்ட இன்னொருவர் என்று போய், கடைசியில் ஹென்ரியட்டா சீபர்லிங் என்ற பெண்மணி மறுநாள் ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார்.

அவர் குடியிருந்த வாயில் வீடு ஸ்டான் ஹைவெட் மாளிகைத் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. 1935 மே 12, அன்னையர் தினம். குடியை விட முடியாமல் தவித்த அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தை அவர் மனைவி ஆன் அங்கே அழைத்துவந்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது என்று சொல்லி வந்த டாக்டர், ஆறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். நடுவில் ஒருமுறை வழுக்கிய டாக்டர் பாப், ஜூன் 10-க்குப் பிறகு தொடவே இல்லை. அந்த நாளைத்தான் ஏ.ஏ.யின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆர்ட்மோர் அவென்யூவில் டாக்டர் பாப் வாழ்ந்த வீட்டையும் பார்த்தோம். கை நடுங்க வந்தவர்களுக்கு ஆன் காபி போட்டுக் கொடுத்த சமையலறையில் நெடுநேரம் நின்றேன். பிறகு அவர்கள் கல்லறைக்குப் போனோம். கணவன் மனைவி பெயர்கள் இருக்கும் கல்லில் ஏ.ஏ. என்ற சொல்லே இல்லை. குடியை விட்ட காலத்தைக் குறிக்கும் பதக்கக் காசுகளை மட்டும் யார் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சாயங்காலம் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஓப்பன் மீட்டிங். மடக்கு நாற்காலிகள், காகிதக் கோப்பையில் காபி. மற்றவர்கள் சொன்னதை எழுத மாட்டேன். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். நான் பேசியதைச் சொல்லலாம். பெயரையும் ஊரையும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றேன். அரிசி டிரம்முக்குள் பாட்டிலை ஒளித்த காலத்தைத் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொன்னேன். எதிரே இருந்த பெரியவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டு டிரம்மை அவர் கண்டதில்லை. ஒளிப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். பின்வரிசையில் மகன் இருந்தான். அந்த டிரம்மில் அரிசி அளந்தவள் அவன் அம்மா. திரும்பும் வழியில், "அம்மாவுக்கும் இப்படி ஒரு இடம் இருந்திருக்கலாம்" என்றான். இருக்கிறது, குடும்பத்தாருக்கென்று ஆல்-அனான் கூட்டங்கள் தனியே நடக்கின்றன.

இதற்காக அக்ரன் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிறகு மீட்டிங்குக்குப் போங்கள். வாசல்வரை வந்து திரும்பிப் போகிறவர்கள் பலர். உள்ளே நமக்கு என்ன தகுதி என்று கூசுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அன்று பில் போன் செய்தது டாக்டரைக் காப்பாற்ற அல்ல, தான் குடித்துவிடாமல் இருக்க. புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், உள்ளே இருக்கும் எங்களுக்கும் அன்றைய பொழுது குடிக்காமல் கழியும். நீங்கள் வந்தால் அது எங்களுக்குச் செய்யும் உதவி.